பெரியம்மாவின் ஓட்டு

ஓட்டுப் போட்டதும் விரலில் மை காய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இன்றும் உண்டு. குளுவாங்கில் எங்கள் வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். வாசலுக்கு எதிரே பெரிய மரம். ஒவ்வொரு தேர்தலிலும் பெரியம்மா இஸ்திரி போட்ட சேலையும் குடையுமாக எங்களோடு கிளம்பி வந்து அந்த நிழலில் நின்றுகொள்வார். உள்ளே வரமாட்டார். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்கலாம், ஓட்டுப் போட முடியாது.

இத்தனைக்கும் பெரியப்பா ஊருக்கெல்லாம் குடியுரிமை வாங்கச் சொன்ன மனிதர். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலகக் கணக்கராக இருந்தார். வெள்ளைக்காரர்கள் நாட்டை ஒப்படைக்கப் போகிறார்கள், அதற்கு முன் அரசியல் சட்டம் எழுதுகிறார்கள் என்றானதும் அவருக்கு வீடு தங்கவில்லை. சாயங்காலமானால் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டிக் களைத்தவர்களை உட்காரவைத்துப் பேசுவார். சைக்கிளின் முன்கம்பியில் நானும் போயிருக்கிறேன். "தொரை மனசு வெச்சா இருக்கலாம், வெக்கலேன்னா கப்பலேறணும். இப்படி எத்தன நாளு? சட்டத்துல எழுதிட்டா யார் மனசும் நமக்கு வேணாம்" என்பார்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தது. ஓராண்டுக்குள் மனுப் போட்டால் மலாய்த் தேர்வு கிடையாது என்றார்கள். தோட்டத்தில் பலரும் போட்டார்கள். பெரியம்மா அசையவில்லை. "எங்கம்மா ஊருல உசுரோட இருக்கு. நான் இந்த நாட்டுக்காரின்னு சத்தியம் பண்ணிட்டு அது மூஞ்சில எப்படி முழிப்பேன்?" சத்தியம் செய்துவிட்டால் தாய்வீடு அறுந்துபோகும் என்று நம்பினார். அப்படியெல்லாம் இல்லை, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஊரையே சம்மதிக்கவைத்த பெரியப்பா தன் வீட்டில் தோற்றுப்போனார். அதற்காகப் பெரியம்மா கப்பலேறித் தாயாரின் ஊருக்குப் போனாரா என்றால் அதுவும் இல்லை. பிள்ளைப்பேறு, செலவு என்று தள்ளிப்போய், தாயாரின் சாவுச் செய்திதான் வந்தது.

பிறகு மனுப் போட்டார். பசாரில் மீன்காரரிடம் மலாயிலேயே சண்டை போட்டுப் பேரம் பேசுகிறவர், தேர்வில் அதிகாரி பெயர் கேட்டதற்கே வாயடைத்துப்போனார். இரண்டாம் முறையும் அப்படியே. பெரியப்பா இருந்தவரை ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மரத்தடியில் மனைவி முகத்தைப் பார்க்காமல் குடையை வாங்கிக்கொள்வார். எனக்கு இருவர் மேலும் கோபம் வரும். இப்போது அந்தக் கோபத்தைக் காட்டவாவது அவர்கள் இருக்கமாட்டார்களா என்றிருக்கிறது.

விரலில் மை வைக்கத் தொடங்கிய தேர்தலில் பெரியம்மாவுக்குத் தள்ளாமை. ஆனாலும் வந்தார். நான் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து ஈர மையைப் பார்த்தார். "காயலியே பாப்பா" என்றபடி தன் விரலை அதில் அழுத்தித் தேய்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அந்த விரலை நனைக்காமல் ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவினார். பக்கத்து வீட்டுப் பெண் கவனித்துவிட்டுச் சீண்டினாள்: "யாருக்குப் போட்டீங்க பாட்டி?"

"அதெல்லாம் ரகசியம் லா."

அடுத்த தேர்தலுக்கு அவர் இல்லை. போன முறையும் நான் ஓட்டுப் போட்டுவிட்டு வேகமாகத்தான் வெளியே வந்தேன். மரத்தடியில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். விரலை நீட்டியபடி நிழலில் போய் நின்றேன். மை காய்ந்துவிட்டது.