உள்ளறையில் உறங்கியவள்

சேங்லா என் மனைவியின் மூத்த அக்கா. வட தாய்லாந்தில் எங்கள் லம்பாங் சந்தையில் அவித்த மூங்கில் குருத்து விற்பாள். யாராவது பேரம் பேசினால், "இந்த விலைக்குத் தோப்பையே வேரோட தூக்கிட்டுப் போயேன்" என்பாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாய் மட்டும் உண்டு.

எங்கள் பக்கம் ஆண்தான் பெண் வீட்டுக்கு வாழப்போக வேண்டும். வீட்டு ஆவி தாயிடமிருந்து மகளுக்கு வரும். அது குடியிருக்கும் உள்ளறைக்குள் அந்தத் தாய்வழி ரத்தம் தவிர வேறு யாரும் கால் வைத்தால் வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிடுவார். அவர்கள் அம்மா இறந்தபின் மூத்தவள் என்ற முறையில் சேங்லாதான் அங்கே படுத்தாள், படையல் வைத்தாள். நான் வாசலோடு சரி. "எட்டிப் பார்க்காதீங்க மாப்பிள்ளை, கழுத்து அப்படியே நின்னுடும்" என்று கேலி செய்வாள்.

போன வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள், எந்த இனத்தாருக்கு எந்தத் தாய்வழி என்று பார்க்க, கன்னத்தின் உள்ளே பஞ்சால் தடவி எடுத்தார்கள். ஒரு தாய் வயிற்றுக்கு ஒருவர் போதும் என்று சேங்லாவிடம் மட்டும் எடுத்தார்கள். சேங்லாவுக்கு அடுத்தவள், என் மனைவியின் சின்ன அக்கா கம்புன் விடவில்லை. "அவ வாய் அவளுது, என் வாய் என்னுது. எனக்கும் எடுங்க!" என்று அடம் பிடித்தாள். அந்த வீம்பில்தான் எல்லாம் வெளியே வந்தது.

இருவரின் தாய்வழியும் ஒன்றல்ல. சேங்லாவுடையது மலைமேல் இருக்கும் லுவா மக்களிடம் காணப்படுவது. நல்ல செய்தி போல, முடிவைக் கொண்டுவந்த பல்கலைக்கழகப் பெண் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

கம்புனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இத்தனை வருஷம் வேத்து ரத்தம் உள்ள படுத்திருக்கு. ஒருத்தருக்காவது தலைவலி வந்துச்சா? அப்ப, அக்கா உள்ள வெச்ச படையல் சோத்தைத் தின்னது யாரு?"

அதற்குப்பின் இருட்டிவிட்டால் அந்தக் கதவுப் பக்கம் யாரும் போகவில்லை. சேங்லா பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். சந்தையில் யார் பேரம் பேசினாலும் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆவிக்கு ஆடும் நாள் வந்தது. கம்புன் மேல் ஆவி இறங்கி அவளை ஏற்றுக்கொண்டால் அறை அவளுக்கு என்று முடிவு. நட்டநடுப் பகலில் மேளம் முழங்க, பந்தலில் தொங்கிய துணியைப் பிடித்துக்கொண்டு கம்புன் சுழன்றாள். வியர்த்தாள், இருமினாள். ஒன்றும் இறங்கவில்லை. பந்தலுக்கு வெளியே, வீட்டு மாப்பிள்ளைகளும் விருந்தாளிகளும் உட்காரும் பாயில், சேங்லா என் பக்கத்தில் இருந்தாள். பாவம், கையை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

திடீரென்று அவள் உடம்பு குளிர்ந்தது. என் தோளில் பட்ட அவள் தோள் கிணற்றுக் கல்லாகச் சில்லிட்டது. பேச ஆரம்பித்தாள். எங்கள் மொழி இல்லை. அவள் வாழ்நாளில் பேசியறியாத மொழி. குரலும் அவளுடையது இல்லை, இளம்பெண்ணின் குரல். மேளம் தானாக நின்றது.

மலையிலிருந்து ஊறவைத்த தேயிலை கொண்டுவந்திருந்த லுவா கிழவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"என்னய்யா சொல்லுது?" என்றேன்.

"நான் செத்துக் கிடந்தப்ப எம் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தீங்கன்னு சொல்றா. அது பின்னாலயே நானும் வந்துட்டேன், அந்த அறையிலயே கிடந்தேன்னு சொல்றா. பால் குடுத்தீங்க, பேர் வெச்சீங்க, அதனால உங்க யாரையும் தொடலையாம்."

கம்புன் துணியை விட்டுவிட்டு ஓடிவந்து சேங்லாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "கூட்டிட்டுப் போயிடாதீங்க! அவ எங்க அக்கா!"

சேங்லாவின் முகம் மெல்லக் குனிந்தது. இம்முறை எங்கள் மொழியிலேயே, எல்லோருக்கும் புரியும்படி, அந்த இளங்குரல் கேட்டது.

"அப்புறம் ஏன் வெளிய உட்கார வெச்சீங்க?"