கெட்டிமேளமும் ரஹீமின் முதுகும்

போன ஆவணியில் என் அக்காவின் மகள், என் பெறாமகளின் கல்யாணம் கனடாவில் மார்க்கம் நகரப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. தாலி கட்டும் நேரம் ஐயர் கையைத் தூக்கினார். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தினார்கள். மேளம் முழங்கியது. திரும்பிப் பார்த்தால் மேளகாரர் எவரும் இல்லை. மூலையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்பிள்ளை மடிக்கணினியில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, மற்றக் கையால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, சத்தம் உண்மை மேளம்போல அச்சொட்டாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளங்கை இரண்டும் வேர்த்துவிட்டன. பக்கத்தில் இருந்த என் கணவர் அதைக் கண்டுவிட்டார்.

"என்னப்பா, இன்னும் உந்தப் பயம் போகேல்லையே?"

போகவில்லை. முப்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் போகவில்லை. உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பாதிவரை நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஸ்காபரோவில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். நாங்கள் குடியிருந்த மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். என் வேலை மெத்தையின் விளிம்பைச் சுற்றித் தைப்பது. பஞ்சுத் தூசியும் பசை மணமும் தலைமயிரில் ஏறி, குளித்தாலும் போகாது. என் மெஷினுக்கு நேரெதிர் மெஷினில் செவ்தா இருந்தாள். அஸர்பைஜான்காரி. ஆனால் பிறந்தது ஈரானில், அர்தபில் என்ற ஊரில். "எங்கள் சனம் எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. நான் இந்தப் பக்கம்" என்று முதல் நாளே மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம் மட்டும். இரண்டு பேரும் ஒரே மாதிரி உடைத்ததால் நன்றாக விளங்கியது.

மதியச் சாப்பாட்டு நேரம் அவள் திராட்சை இலையில் சுற்றிய இறைச்சியைத் தருவாள், நான் புட்டைத் தருவேன். சாப்பாட்டோடு சாப்பாடாக அவளுடைய சனத்தின் விளையாட்டுகளும் வந்து சேர்ந்தன. அவளுக்கு விளையாட்டில் துளியும் விருப்பமில்லை. பயில்வானைக் கட்டியதால் எல்லாம் மனப்பாடம். வெள்ளைக்காரர் போலோ என்று கொண்டாடுவதை அவர்கள் சோவ்கான் என்ற பெயரில் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் குதிரையில் இருந்து விளையாடி வந்தவர்களாம். ஆட்டுத்தோல் தொப்பி ஒன்றைக் குதிரை மேலிருந்தே பறித்துக்கொண்டு பறக்கிற விளையாட்டும் இருந்ததாம். எல்லாவற்றுக்கும் மேல் மல்யுத்தம். அதற்கென்றே நிலத்தைத் தோண்டிக் கட்டிய வட்டக் கட்டடம், அதன் பெயர் சோர்கானா. வாசல் மிகக் குள்ளம், எவ்வளவு பெரிய ஆளும் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஒரு பக்கத்தில் உயரமான இடத்தில் மேளம் அடிப்பவர் இருப்பார். அவர் அடிக்கத் தொடங்காமல் எவரும் கையைத் தூக்குவதில்லை, அவர் நிறுத்தினால் தூக்கிய கையும் இறங்கிவிடும். வெளியிலே திடலில் என்றால் மேளத்தோடு சுர்னா என்ற குழலும் சேரும்.

ஒருநாள் அவள் அந்தச் சுர்னாவை எனக்குக் கேட்கவைத்தாள். கணவன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு கசெற். மல்யுத்தத்துக்கு முன் மேளத்தோடு வாசிக்கும் ஜங்கி என்ற வாசிப்பு. நான் திடுக்கிட்டுப்போனேன். "எடியே, இது எங்கட நாதஸ்வரமெல்லோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு அது விளங்கியது என்றே நினைக்கிறேன்.

அவளுடைய கணவன் ரஹீம். கழுத்தும் தோளும் ஒன்றாகப் போன மனிதர். எனக்கு அவரில் நல்ல மரியாதை. ஊரில் பயில்வான், இங்கே வீடு மாறுபவர்களின் சாமான் தூக்குகிறவர். அந்த வருடம் பனிக்காலத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டியோடு படியில் விழுந்து கழுத்தில் இரண்டு எலும்பு கெட்டுப்போயிற்று. இன்னொரு முறை பிழையாக விழுந்தால் கையும் காலும் இல்லை என்று நினைத்துக்கொள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சின்னச் சின்னதாக இரண்டு பெண்பிள்ளைகள் வேறு. செவ்தா இதைச் சொன்னபோது தைத்துக்கொண்டிருந்த விளிம்பு கோணிப்போய் மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினாள்.

இந்த நேரம் பார்த்து எல்சின் வந்து சேர்ந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள், பாகுவில் அரசாங்க விளையாட்டுப் பள்ளியில் மல்யுத்தம் படித்தவன், இருபத்திரண்டு வயது. ஒரு தேநீர் விருந்தில் ரஹீம் வாயைக் கொடுத்தார். "சோவியத்காரன் உங்களுடைய சோர்கானாவை மூடி, கையில் விசிலைக் கொடுத்துவிட்டான். இறப்பர் விரிப்பில் விசிலுக்கு ஆடுகிறவன் பயில்வான் இல்லை." எல்சின் கோபப்படவில்லையாம். "சரி மாமா. புல்லுத்தரையில், மேளத்துக்கு, உங்களோடு" என்றானாம். எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். ஆவணி முதல் கிழமை ரூஜ் ஆற்றுப் பக்கத்துப் பூங்காவில் அவர்களுடைய ஒன்றுகூடல். அங்கே வைத்துக்கொள்வதென்று முடிவு. கழுத்து எலும்பைப் பற்றி ரஹீம் மூச்சும் விடவில்லை. விட்டால் மானம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கார்ட் அடிக்கிற இடத்தில் செவ்தா என் கைப்பைக்குள் அந்தக் கசெற்றைத் திணித்தாள். "இது இல்லாவிட்டால் இறங்க மாட்டார். மேளமில்லாமல் பிடித்தால் அது தெருச் சண்டை என்று அவரே சொல்வார். ஒளித்து வை." எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு மனிதனின் கழுத்தைக் காப்பாற்ற எவ்வளவு லேசான வழி! என் கணவரிடம் சொல்லவில்லை. அவர் வாயில் ஒன்றும் தங்காது. அன்றைக்குச் செய்த பெரிய பிழை அதுதான். மறதியில் அதே கைப்பையோடு, கணவரையும் கூட்டிக்கொண்டு ஒன்றுகூடலுக்குப் போனது இரண்டாவது.

ஞாயிறு மதியம் நல்ல வெயில். இறைச்சி சுடும் புகை, தேநீர்ப் பானை, புல்லில் கம்பளங்கள். ஆட்கள் வட்டம் கட்டி இருந்துவிட்டார்கள். ரஹீம் காருக்குள் தேடினார், பெட்டிகளுக்குள் தேடினார், பிள்ளைகளின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். செவ்தா தலையைக் குனிந்தபடி வெள்ளரிக்காய் வெட்டினாள். கடைசியில் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"சகோதரி, ஒரு கசெற் கண்டாயா?"

பை என் மடியில் இருந்தது. "இல்லை" என்றேன். அந்தப் பொய்க்கு என் காது இரண்டும் சுட்டன. அவர் ஒரு கணம் நின்றுவிட்டு, எல்சினைப் பார்த்துக் கையை விரித்தார். மேளமில்லை, மல்யுத்தமில்லை. வட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். செவ்தா கத்தியைக் கீழே வைத்து மூச்சு விட்டாள்.

அப்போதுதான் என் கணவர் எழும்பினார்.

"இஞ்சாரும், உந்த மனுசனுக்கு மேளமும் குழலும்தானே வேணும்? வாகனத் தரிப்பிடத்துக்கு அங்கால எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவற்ற விளையாட்டுப் போட்டி நடக்குது. செல்லத்துரை அண்ணை தவிலோட வந்து நிக்கிறார். கூட்டிக்கொண்டு வாறன்!"

"வேண்டாமப்பா, இருங்கோ."

"நீர் சும்மா இரும். நாங்கள் ஆருக்குக் குறைஞ்ச ஆக்கள்?"

காலைப் பிடித்து இழுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார். பத்து நிமிடத்தில் செல்லத்துரை அண்ணை தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். டோர்செட் பார்க்கில் ஒரு தொடர்மாடியில் காவலாளி வேலை, சனி ஞாயிறு கல்யாண வீடுகள். பின்னால் அவருடைய மச்சான் நாதஸ்வரத்தோடு. ரஹீம் ஜங்கியை வாயால் பாடிக் காட்டினார். மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அண்ணை, உது மல்லாரிக்குக் கிட்ட வருது."

"அப்ப சாமி வெளிக்கிடேக்க வாசிக்கிறதையே வாசி. ஆளும் தேர் மாதிரித்தானே நிக்குது."

நாதஸ்வரம் எழுந்ததும் வட்டத்தில் இருந்த கிழவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ரஹீமின் கண் நிரம்பிவிட்டது. சட்டையைக் கழற்றினார். செவ்தா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்கமுடியாது. என் வீட்டு மனிதரும் என் சனத்து மேளமும் சேர்ந்து அவளுடைய கணவனைக் களத்தில் இறக்கிவிட்டிருந்தோம்.

இருவரும் வட்டத்தைச் சுற்றி நடந்தார்கள். குனிந்து தரையைத் தொட்டு விரலை உதட்டில் வைத்தார்கள். எல்சின் ரஹீமின் தோளில் நெற்றியை வைத்து அனுமதி கேட்டான். பிறகு பிடித்துக்கொண்டார்கள். முதுகு தரையில் பட்டால் தோல்வி, அவ்வளவுதான் சட்டம். நாள் முழுக்க மனிதருடைய முதுகு நோகாமலிருக்க மெத்தை தைக்கிற நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியின் கையை ஒருத்தி நெரித்துக்கொண்டு நின்றோம். எல்சின் தள்ளுவான், ரஹீம் காலை ஊன்றி நிற்பார். எல்சின் கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோகும்போதெல்லாம் செவ்தாவின் நகம் என் தோலுக்குள் இறங்கியது. ரஹீமின் முகம் வெளிறி வந்ததை மற்றவர்கள் களைப்பு என்று நினைத்திருப்பார்கள். ஒருமுறை அவருடைய வலது கை பிடியிலிருந்து தானாக வழுகி விழுந்தது. அது களைப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மேளம் நின்றால் கை இறங்கும். சாப்பாட்டு மேசையில் கேட்டது சட்டென்று நினைவு வந்தது. நான் செல்லத்துரை அண்ணையைப் பார்த்து ஓடினேன். நாதஸ்வரச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கி, நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ என்று ஆட்டினேன்.

பாவம், அந்த மனிதர் எத்தனை வருடமாகக் கல்யாண வீடுகளில் வாசிக்கிறார். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் பதறிப்போய்க் கையைத் தூக்கி ஆட்டினால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு கெட்டிமேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக அடித்தார்.

தாலிக்கு அடிக்கிற அந்த அடி எல்சினுக்குள் ஏறியதை நான் கண்ணால் கண்டேன். அவன் முகமே வேறாகிவிட்டது. குனிந்தான், ரஹீமை இடுப்போடு வாரித் தூக்கினான். அவ்வளவு பெரிய உடம்பு அவன் தோளுக்கு மேலே போனது, தலை கீழே தொங்கியது. செவ்தா கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் பாய்ந்து இரண்டு உள்ளங்கையையும் தவிலின் தோலில் வைத்து அழுத்தினேன். தவில் அடிக்கவென்று கடினமான கூடு மாட்டிய விரல்களால் அவர் அடித்த கடைசி அடி என் புறங்கையில் விழுந்தது.

தவில் செத்தது. நாதஸ்வரம் தடுமாறி நின்றது. அந்த அமைதியில் சுட்ட இறைச்சியின் கொழுப்பு நெருப்பில் விழுந்து பொரிவது கேட்டது.

எல்சின் ரஹீமைத் தூக்கியபடியே நின்றான். ஏதோ நித்திரையிலிருந்து எழும்பியவன் மாதிரி இரண்டு தரம் கண்ணை வெட்டினான். பிறகு அவரை மெல்ல இறக்கி, கால் இரண்டும் புல்லில் ஊன்றும்வரை பிடித்திருந்து விட்டான். அவருடைய தோளில் முத்தம் கொடுத்தான்.

"பிள்ளை, அபசகுனமெல்லே! ஏன் மேளத்தில கை வைச்சனீர்?" என்றார் செல்லத்துரை அண்ணை.

"தலை சுத்திப்போச்சு அண்ணை" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய். ரஹீம் என்னைப் பார்த்தார். கோபமா, நன்றியா, இன்றைக்கும் தெரியாது. "மேளம் நின்றுவிட்டது. எவருடைய முதுகும் தரையில் படவில்லை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுச் சட்டையைப் போட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அவர் என்னோடு கதைக்கவில்லை. கசெற்றைத் திங்கட்கிழமை செவ்தாவிடம் கொடுத்தேன். அவள் அதைக் காரின் ஆசனத்துக்கு அடியில் போட்டு, அவரே கண்டெடுக்கும்படி செய்தாள். என் புறங்கை பத்து நாள் வீங்கியிருந்தது.

ரஹீம் மூன்று வருடத்துக்கு முன் நித்திரையில் போய்ச் சேர்ந்தார். இரண்டு கையும் காலும் நன்றாக இருக்க, இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒரு முதியவர் எழுந்து, "இந்தப் பயில்வானின் முதுகைக் கனடாவின் மண் பார்த்ததில்லை" என்று சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்சின் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தான். வயிறு வைத்து, தாடி நரைத்துவிட்டது. பக்கத்தில் குந்தி மெதுவாகச் சொன்னான்.

"அன்று காலையே செவ்தா அக்கா என்னிடம் வந்து அழுதார். தோற்றுவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். விழுவதற்கு நல்ல தருணம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மேளம் வேகம் பிடித்ததும் சத்தியம், அக்கா, மாமா எல்லாமே மறந்துபோயிற்று. நீங்கள் கை வைத்திராவிட்டால் நான் அவரைப் போட்டிருப்பேன்."

தேநீர் என் கையில் ஆறிப்போயிற்று. காப்பாற்றியவள் என்று இத்தனை வருடம் உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன். தூக்கவைத்தவளும் நான்தான்.

மெத்தைத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது சாமான் பூட்டிவைக்கும் கிடங்கு. செல்லத்துரை அண்ணை போய்விட்டார், தவிலை அவருடைய வீட்டில் எவரும் தொடுவதில்லை. அந்த ஒன்றுகூடல் இன்னும் நடக்கிறது, மல்யுத்தம் இல்லை. பெறாமகளின் கல்யாணத்தில் தாலி ஏறி முடிந்த பிறகும் அந்தக் கெட்டிமேளம் நிற்கவில்லை, வடை சாப்பிட்ட பெண்பிள்ளை பொத்தானை மறந்துபோனாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் என் உள்ளங்கைகளைப் பார்த்தேன், பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். மேலே, சுவரில், இரண்டு மூலையிலும் ஒலிபெருக்கிகள் தொங்கின. கை வைத்து நிறுத்த ஒரு தோல் இல்லை.