வழுக்காத தரை

மைசூரு அக்ரஹாரத்தில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டில் குளியலறைத் தரை ஒரே வழுக்கல். தண்ணீர் வடியாமல் மூலையில் தேங்கி நிற்கும். குடிவந்த மூன்றாம் நாளே என் மாமியார் சறுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினார். வீட்டு ஓனர் போனை எடுக்கவில்லை. நாங்களே ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டோம்.

தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளி ஊர்க்காரர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, சிமெண்ட் அரித்த விரல்கள். பழைய தரையைப் பெயர்த்து, சரிவு வைத்து, சொரசொரப்பான டைல்ஸ் பதித்தார். நன்றாகக் காய்ந்தபிறகு ஒருநாள் வந்து, சோப்புத் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு நடந்து பார்த்தார். திரும்பவும் ஊற்றினார், திரும்பவும் நடந்தார்.

“போதும் அண்ணா, நல்லாத்தானே இருக்கு” என்றேன்.

“இன்னொருக்கா பாத்தர்றனுங்கம்மா. எங்கூட்லயும் இப்படித்தான் வழுக்கிட்டு இருந்துச்சு. வாடகை வூடுதானே, ஓனர் செய்யட்டும்னு உட்டுட்டேன். எம் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிப் பாத்தா. ஒருநாள் வேலை முடிஞ்சு போறேன், உள்ள உழுந்து கெடக்கறா. தலையில அடி. பொழைக்கலீங்க.”

“இப்ப எங்க இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“அதே வூடுதானுங்க.”

“அந்தத் தரைய மாத்திட்டீங்களா?”

சோப்புத் தண்ணீர் வாளியைக் கழுவிக்கொண்டே, இல்லை என்று தலையசைத்தார். “அவ கேட்டப்ப செய்யல. இப்ப யாருக்குங்க செய்யறது?”

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் காலையில் குளிக்கப் போகும்போதெல்லாம், அவரும் இந்நேரம் அந்த ஈரத் தரையில் தனியாகக் கால் வைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றும்.