பூ கொட்டினால் அணையும் பெட்டி

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான் பேசுவார்கள். அதற்குச் சோறு போடுகிற கரண்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வேலை நடுவில் பெட்டி அணைந்து தலையில் கை வைத்த உங்களுக்கு இது தெரியாததல்ல. விருத்தாசலத்தில் செராமிக் யூனிட்டுகள் இருக்கும் பக்கம் நான் கடை வைத்திருந்தேன். 2008 வாக்கில் அங்கே பார்த்தது இது.

இலவசமாக வந்தது

ஜாகிர் பாய் துபாயிலிருந்து முதுகுவலியோடு திரும்பியவர். வரும்போது பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவந்து, வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் ஆரம்பித்தார். தொழில் கைகொடுத்தால் மனைவி பரிதாவோடும் மகளோடும் ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் விசா காலாவதியாகுமுன் திரும்பிவிட வேண்டும்.

கல்யாண வீடியோவில் பெண் மாப்பிள்ளை தலைமேல் கிராபிக்ஸ் பூ கொட்டும், பார்த்திருப்பீர்கள். அந்த இடம் வந்ததும் பெட்டி பட்டென்று அணைந்துவிடும். பூ கொட்டுவது கார்டின் வேலை. அப்போதுதான் அது கரண்டை இழுக்கும். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது கேபினெட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளை. கார்டுக்கென்று அதில் வயரே இல்லை. ஹார்ட் டிஸ்க் வயரில் ஒட்டுப் போட்டிருந்தார்கள், முனை உருகியிருந்தது. நல்லதாக ஒன்று மாற்றச் சொன்னேன்.

"பொட்டியோட ஃப்ரீயா வர்றதப் போயி காசு குடுத்து வாங்குனேன்னா, வெளிய சிரிப்பாங்கண்ணே."

மில் கிளம்பும் நேரம்

முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினார். பிறகு பூ நன்றாகவே கொட்டியது, காலை வேளையில் மட்டும் தகராறு. சுவருக்கு அந்தப் பக்கம் பொம்மைக்கு மண் அரைக்கிற மில். மோட்டார் கிளம்பினால் தெருவே மங்கும். பாயின் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும், சுமை தாங்காமல் கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும். மறுபடி ஒரு செலவு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மில்லில் போய்ப் பேசினேன். அன்றிலிருந்து ஸ்விட்ச் போடுமுன் அங்கே வேலை செய்யும் செல்வி அக்கா குரல் கொடுப்பார், பாய் வேலையை சேவ் செய்துவிட்டுக் காத்திருப்பார்.

"பாய், மில்லு போடப் போறோம்! பொண்ணு மாப்ளய பத்தரமா எடுத்து வச்சிக்குங்க!"

போனில் முதல் கேள்வி

அப்புறம் வந்தது மின்வெட்டு. அதற்கு முன்கூட்டிக் குரல் கொடுக்க ஆளில்லை. கருவேப்பிலங்குறிச்சிக் கல்யாண வீடியோ ஒன்று பாதியில் நின்றது. பெண் வீட்டார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். வந்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. பெட்டிக்குள் கரண்டு போகிற வழியையெல்லாம் சரிசெய்த என்னால் கரண்டைக் கொண்டுவர முடியவில்லை. பாய் இடுப்பில் முதுகுவலி பெல்ட்டை மாட்டிக்கொண்டு துபாய்க்கே போய்விட்டார்.

பெட்டியை விற்க வேண்டியிருக்குமோ என்று கேட்கப் போனேன். பரிதா அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

"அவங்க தெனமும் போனு பண்ணா, ‘இப்பல்லாம் கரண்டு போவாம இருக்குதா’ன்னுதான் மொதல்ல கேக்கறாங்கண்ணே, அப்பறந்தான் புள்ளய கேக்கறாங்க."

எந்தக் கார்டுக்கு எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஒரு மனிதரை அவர் வீட்டில் இருக்க வைக்க எவ்வளவு வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடிபடவில்லை.