தம்ளருக்கு ஒரு வலை

தோணியின் சரக்கறைக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கிக் காலை முறித்துக்கொண்டேன். யுத்த காலம் அது. கடலில் ஆழம் போதாததால் கப்பல்கள் தூத்துக்குடிக் கரைக்கு வராமல் வெகு தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணிகள்தான் கொண்டுவந்து சேர்க்கும். வருகிற மூட்டைகளை எண்ணுவது என் உத்தியோகம். நான் விழுந்த பிறகும் மூட்டைகள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தன என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதைவிடப் பெரிய கவலை வீட்டுக்குள் இருந்தது. கல்யாணமான புதிது. வாடகை வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். அவள் மணப்பாட்டுக்காரி. 'சோறு போடவா', 'வெந்நி வேணுமா' என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு பேச்சு வந்ததில்லை. கோபமும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லை பெற்றவர்கள் சொன்னார்களே என்று பொறுத்துக்கொண்டிருக்கிறாளா? வேலைக்குப் போய்வந்தவரை இது அவ்வளவாக உறைக்கவில்லை. கட்டுப் போட்ட காலோடு நாள் முழுக்க அவள் எதிரே கிடந்தபோது நன்றாக உறைத்தது.

என்னைப் பார்க்கத் துறைமுகத்து ஆட்கள் வந்துபோனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கருப்பட்டிக் காப்பி. கொதிக்கிற பித்தளைத் தம்ளரை எல்லாரும் அவளுக்குக் கல்யாணச் சீராக வந்த மேசைமேல் வைக்க, மெருகில் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுந்தது. அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கன்னியர் மடத்தில் படித்தபோது பழகிய குரோஷா ஊசியை எடுத்து, தம்ளருக்கு அடியில் வைக்க வட்ட வட்டமாகப் பின்ன ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. கற்றுக்கொடு என்று கேட்டால் பேசித்தானே ஆகவேண்டும்? கேட்டேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நூலை விரலில் சுற்றி, கொக்கி ஊசியால் இழுத்து, கண்ணிக்குள் கண்ணி கோத்துக் காட்டினாள். மறுபடியும் காட்டினாள். ஒரு வார்த்தை இல்லை! ஊசியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் அப்பா கடலுக்குப் போனவர். சிறு வயதிலேயே வலை முடிந்து பழகிய கை இது. வலையில் கண்ணிக்குக் கண்ணி முடிச்சு உண்டு. குரோஷாவில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணி அடுத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். இது எப்படித் தாங்கும்? என் கைக்குப் பொறுக்கவில்லை. ஒரு கண்ணி இழுப்பேன், உடனே நூலுருண்டையை அதற்குள் நுழைத்து இறுக்கி ஒரு முடிச்சு. வேர்வையில் வெள்ளை நூல் பழுப்பாகிவிட்டது. வட்டம் படிந்து கிடக்காமல் விளிம்பு தூக்கிக் கிண்ணம்போல் நின்றது. இருந்தாலும் சாயங்காலம் பெருமையோடு நீட்டினேன்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தப்பாகப் பின்னியதை அவிழ்க்க நூல் நுனியை இழுத்தாலே போதும், மளமளவென்று பிரிந்துவிடும். இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். ம்ஹூம்.

"என்னத்தச் செஞ்சு வச்சிருக்கிய? இது அவுந்தே வராது" என்றாள்.

"சாளைமீன்கூடத் தப்பாது" என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம் பாதி, சந்தேகம் பாதி. வேடிக்கையாக இருக்கிறதே என்று சிரிக்கிறாளா, போயும் போயும் இப்படியொரு ஆளிடம் வந்து மாட்டினோமே என்று சிரிக்கிறாளா?

மறுநாள் எங்கள் தோணியை நடத்துகிற தண்டல் வந்தார். கடலில் கத்திக் கத்திப் பெருத்துப்போன குரல் அவருக்கு. மேசையில் அவள் பின்னிய வட்டங்கள் அழகாகக் கிடந்தன. நடுவே என் கிண்ணமும் இருந்தது. நான் வைக்கவில்லை. அவர் அதை இரண்டு விரலால் தூக்கினார்.

"ஏலே, என்னது இது? பிஞ்ச வலைத்துண்டா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பொம்பளைகளின் பின்னல் வேலை பார்த்தேன் என்று துறைமுகத்தில் தெரிந்தால் ஆயுசுக்கும் கிண்டல்தான். "ஏதோ குப்பை அண்ணாச்சி, தூரப் போடுங்க" என்றேன். அவர் சன்னல் பக்கம் கையை ஓங்கினார்.

ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறவள், காப்பித் தம்ளரோடு நேரே நடுவீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, போட்டுராதிய. அது அவுக எனக்குப் பின்னித் தந்தது."

தண்டல் ஓங்கிய கையை இறக்கி அதைக் கொடுத்துவிட்டார். அவள் வாங்கி என் முன்னால் வைத்து, தம்ளரை அதன்மேல் வைத்தாள். தம்ளர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கவிழ்ந்துவிடாமல் சேலைத் தலைப்பால் அதைப் பிடித்தபடி, நான் எடுத்துக் குடிக்கட்டும் என்று, அத்தனை பெரிய மனிதர் எதிரிலேயே என்னை ஒட்டி நின்றாள். எடுத்துக் குடித்தால் அவள் போய்விடுவாளே! காப்பி நன்றாக ஆறிப்போகும்வரை நான் தம்ளரைத் தொடவே இல்லை.