ட்ரங்குப் பெட்டிமேல் எட்டுப் புதன்கிழமை

சங்கராபுரத்திலிருந்து எட்டேகால் பஸ்ஸில் வந்து கள்ளக்குறிச்சியில் இறங்கி, பல்கலைக்கழக மண்டல அலுவலகத்துக்கு நடந்து வருவாள் நிர்மலா. தேர்வுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கோபம் வந்தால் ஸ்டேப்ளரை மேசையில் டொக்கென்று வைப்பாள். அதற்குமேல் அந்த மனுஷிக்குக் கோபப்படத் தெரியாது.

புதன்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு விடைத்தாள் அறையில் ஆறு பேர் ஜெபத்துக்குக் கூடுவார்கள். கண்காணிப்பாளர் தீனதயாளன்தான் தலைவர். வெளியே நிர்மலாவை ‘மேடம்’ என்பார். அந்த அறைக்குள் வந்துவிட்டால் ‘சிஸ்டர்’. ஒரு பாட்டு, ஒரு வசனம், பிறகு சீட்டு. அவரவர் மனபாரத்தைத் துண்டுச் சீட்டில் பேர் போடாமல் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட வேண்டும். ஆளுக்கொன்று எடுத்து, வாரம் முழுக்க அதற்காக ஜெபிக்க வேண்டும். யாருடையது என்று கேட்கக் கூடாது. பேர் போடாவிட்டால் என்ன, நாள் பூரா பிறத்தியார் கையெழுத்தோடு மாரடிக்கிற கூட்டம் அது. பார்த்ததும் தெரிந்துவிடும். தெரியாத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதை.

அந்த அறைக்கு அனுமதி சும்மா வந்துவிடவில்லை. ‘ஆபீசில் எதற்கு ஜெபம்’ என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஒரு புகார் வந்தாலும் அறை கிடையாது என்று சொல்லித்தான் மேலதிகாரி விட்டிருந்தார். சாவி முகம்மது கவுஸிடம் இருக்கும். அலுவலக உதவியாளர். புதன்கிழமை ஒரு மணிக்கே அறையைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார்.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அம்மாவோடு இறங்கி வந்தாள். பேர் ரம்யா. அம்மா பச்சையம்மாள். கடைசி செமஸ்டரில் ஒரு தாளுக்கு ‘ஆப்சென்ட்’ என்று ரிசல்ட் வந்திருந்தது.

“நான் எழுதனேங்க மேடம். அன்னிக்கி நல்ல மழ. நனஞ்சிக்கினே போயி எழுதனேன்” என்றாள் ரம்யா. பி.எட். சேர வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

நிர்மலா வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். ரம்யா மட்டுமல்ல, மலை மையத்தில் அந்தத் தாளை எழுதிய ஒன்பது பேரின் கையெழுத்தும் இருந்தது. விடைத்தாள் கட்டைத்தான் காணோம். மதிப்பெண் வராத ஒன்பது பேருக்கும் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறது. அலமாரி அலமாரியாகத் தேடினாள். கவுஸ் ஏணி போட்டுப் பரண்மேல் தேடினார். கிடைக்கவில்லை.

புதன்கிழமை சீட்டில் நிர்மலா எழுதியது ஒரே வரி: ‘மலைப்பிள்ளையின் தாள் கிடைக்க வேண்டும்.’ வழக்கம்போல அறை மூலை ட்ரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, பாட்டுக்கு முன்பே எழுதிவிட்டாள். முழங்கால் வலியால் அவளுக்குத் தரையில் உட்கார முடியாது. பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கிற பெட்டி அது. இப்போதுதான் எல்லோரும் செல்போனைப் பார்த்துப் பாடுகிறார்களே, அதைத் திறப்பாரில்லை.

அன்றைக்குப் பார்த்து நெட் கிடைக்கவில்லை.

“சிஸ்டர், அந்தப் பழைய புக்கையே எடுங்க” என்றார் தீனதயாளன்.

நிர்மலா எழுந்து மூடியைத் திறந்தாள். புத்தகங்களுக்கு மேலே காடாத்துணியில் சுற்றிய மெல்லிய கட்டு. அரக்கு முத்திரைகூடக் கலையவில்லை.

அவளுக்கு எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. ஏப்ரல் கடைசியில் கோடைமழை. கூரை ஒழுகிற்று. மலையிலிருந்து வந்த கட்டு நனையக் கூடாதென்று அவள்தான் இந்தப் பெட்டிக்குள் வைத்தாள், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று. அன்று சாயங்காலமே ஈரப் படியில் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் கட்டுப் போட்டு இருபத்தைந்து நாள் லீவு. திரும்பி வருவதற்குள் திருத்தும் வேலையே முடிந்துவிட்டது. கட்டும் அவள் நினைவிலிருந்து கழன்றுபோய்விட்டது.

மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தீனதயாளன் கதவைச் சாத்தினார்.

“மேடம், நான் சொல்றத கேளுங்க. கட்ட அலமாரிக்குப் பின்னால வச்சிடுவோம். தேடறப்போ கெடச்சிதுன்னு சொல்லிக்கலாம். பொண்ணுக்கு மார்க் வந்துடும். ஒங்களுக்கு மெமோ கெடயாது. ஜெபத்துக்கும் எடம் போவாது. இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?”

கெட்ட மனுஷர் இல்லை அவர். அவள் விழுந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அந்த அறைக்காக மேலதிகாரியிடம் எத்தனை தடவை போய் நின்றிருப்பார்! அப்பேர்ப்பட்டவரிடம் மறுக்கிறதா, தலையாட்டுகிறதா?

“எட்டு வாரமா இதுமேல ஒக்காந்துக்கினு ஜெபம் பண்ணியிருக்கேன் சார்” என்றாள். “இன்னிக்கி இந்தத் தாளு கெடைக்கணும்னு இதுமேலயே ஒக்காந்து கேட்டேன். ஆண்டவரு கேட்டத குடுத்துட்டாரு. குடுத்த எடத்த மாத்திச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க.”

“அப்ப ஜெபக்கூட்டம் போச்சு.”

“எடந்தான் போவும் சார்.”

கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி மேலதிகாரி அறைக்குப் போனாள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமையே தாள்களைத் திருத்தினார்கள். ஒன்பது பேரும் பாஸ். வெள்ளிக்கிழமை காலை மதிப்பெண் பட்டியல் வாங்க ரம்யாவும் அம்மாவும் வந்தார்கள். நிர்மலா அவர்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

“ஒந்தாள தொலச்சது நாந்தாம்மா. நனையக் கூடாதுன்னு பெட்டில வச்சேன். வச்சத மறந்துட்டேன்.” அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

ரம்யாவின் முகம் இறுகித்தான் இருந்தது. ரிசல்ட் வந்ததிலிருந்து அவள் பட்டது அவளுக்குத்தானே தெரியும். பச்சையம்மாள்தான் நிர்மலாவின் கையைப் பிடித்தாள்.

“மறந்ததும் நீதான். நனையாம வச்சதும் நீதானம்மா. அழுவாத. ஏ புள்ள, பஸ்ஸுக்கு நேரமாவுது, மேடத்துக்கிட்ட சொல்லிக்கினு வா.”

ரம்யா இரண்டடி நடந்து, திரும்பி வந்தாள். “கால பாத்துக்கோங்க மேடம்” என்றாள்.

நிர்மலாவுக்கு மெமோ வந்தது. தேர்வுப் பிரிவிலிருந்து தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அறைக்கும் பூட்டு. அடுத்த புதன்கிழமை சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய புங்கமரத்தடியில் கூடினார்கள். ஆறில் நாலு பேர்தான் வந்தார்கள். நிர்மலா நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்த கவுஸ், தன் சின்னப் பெஞ்சைத் தூக்கி வந்து போட்டார்.

“ஒக்காரும்மா. இதுக்குள்ள ஒண்ணும் இல்ல, நல்லா பாத்துட்டேன்” என்றார். நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தீனதயாளன் கடைசியாக வந்தார். அந்த வாரம் பூரா அவளோடு ஒரு வார்த்தை பேசாதவர். பாட்டுப் பாடினார், வசனம் வாசித்தார். டம்ளர் சுற்றி வந்தது. நிர்மலா ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். சாய்வான, நுணுக்கமான எழுத்து. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கோப்பின் கீழும் பார்த்த எழுத்து.

‘ஒரு சிஸ்டரைப் பொய் சொல்லச் சொன்னேன். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.’

அவள் நிமிரவில்லை. யாருடையது என்று கேட்கக் கூடாதே. சீட்டை நாலாக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள். எதிரே அவர் மட்டும் உட்கார இடமில்லாமல் நிற்பது தெரிந்தது. பெஞ்சில் கொஞ்சம் ஒதுங்கி, “வாங்க பிரதர், ரெண்டு பேருக்கு எடம் இருக்குது” என்றாள்.