பெரணிப் புத்தகத்தின் கேள்விக்குறிகள்

அச்சாகி வந்த முதல் தாளில் பெரணிகளின், அதாவது ஃபெர்ன் செடிகளின், பெயர்கள் எதுவும் இல்லை. விளக்கங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன: காம்பு கறுப்பு, இலை மும்முறை பிரிந்தது, பாறை இடுக்கில் வளர்வது. பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் பெயரின் நீளத்துக்குச் சரியாக வெள்ளை இடைவெளி. யாரோ ரப்பர் வைத்து அழித்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அதற்குக் கீழே, ‘எண் 7-க்குச் செல்க’ என்று இருக்கவேண்டிய வரியில் ‘எண் ??-க்குச் செல்க’ என்று இருந்தது. அடுத்த வரியிலும் அப்படியே.

நான் அந்தத் தாளை மடித்துக் கூடைக்குள் வைத்தேன். பக்கத்து அறையிலிருந்து என் கணவர் கேட்டார்.

“வந்துருச்சா அம்மிணி?”

“இன்னும் இல்லீங்க. மெஷின் சூடாகோணும்.”

அது தொண்ணூறுகளின் முற்பகுதி; ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். என் கணவர் தாவரவியல் ஆசிரியராக இருந்து, கண்ணுக்காக வேலையை விட்டவர். சேர்வராயன் மலையில் உள்ள பெரணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அவர் எழுதிய புத்தகம் முடிந்திருந்தது. அதன் உயிர், முன்பகுதியில் இருந்த ஒரு வழிகாட்டி. தாவரவியலில் அதைக் ‘கீ’ என்பார்கள். கையில் ஒரு பெரணியை வைத்துக்கொண்டு முதல் கேள்வியில் தொடங்க வேண்டும். இலை பிரிந்ததா, பிரியாததா? பிரிந்தது என்றால் இந்த எண்ணுக்குப் போ. பிரியாதது என்றால் அந்த எண்ணுக்குப் போ. இப்படியே எண் எண்ணாகப் போனால் கடைசியில் பெயர் வந்து நிற்கும். எண்ணும் பெயரும் இல்லாத கீ வெறும் காகிதம்.

சர்க்கரை அவருடைய வலது கண்ணை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. இடது கண்ணில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பள்ளி திறக்கிற வாரத்தில் கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை. பார்வை மிஞ்சுமா என்று கேட்டதற்கு, “செய்யாவிட்டால் நிச்சயம் போய்விடும். செய்தால் சொல்ல முடியாது” என்றார் மருத்துவர். பஸ்ஸில் திரும்பும்போது வளைவுகளில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மெதுவாகச் சொன்னார்.

“அதுக்கு முன்னால அந்தக் கீய ஒரு தடவ என் கண்ணால சரி பாத்துக்கோணும். அதுக்கப்புறம் ஆனது ஆகட்டும்.”

தடித்த, பெரிய, கறுப்பு எழுத்தாக இருந்தால் உச்சிவெயிலில் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். என் கையெழுத்து அவருக்குச் சாம்பல் கோடாகத்தான் தெரிந்தது. அதனால் அச்சு வேண்டும். அதுவும் சாதாரண அளவைவிடப் பெரிதாக வேண்டும்.

நான் உறைவிடப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. பள்ளியில் ஒதுக்கிவைத்திருந்த பழைய கணினியையும் ஊசிகளால் குத்தி அச்சடிக்கும் ஒரு பிரிண்டரையும் விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி வாங்கினேன். சேலத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் படிப்பில் எனக்கு இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் டெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளை ஃப்ளாப்பிகளில் போட்டுக் கொடுத்தார். அதில் எண்களை நாம் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடையாளச் சொல் வைத்துவிட்டால் எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு கேள்வியைச் சேர்த்தாலும் எடுத்தாலும் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் தானாக மாறும். என் கணவர் தினமும் வரிசையை மாற்றிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு அது தெய்வம் கொடுத்த மாதிரி இருந்தது.

பெயர்கள் காணாமல் போன காரணம் பேராசிரியரிடம் தொலைபேசியில் பேசியபோது தெரிந்தது. எஸ்.டி.டி. பூத் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். பின்னால் நின்றவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

“அக்கா, பேரெல்லாம் சாய்வெழுத்துல போட்டிருக்கீங்களா?”

“ஆமாங்க. லத்தீன் பேரு, சாய்வாத்தான் போடோணும்.”

“அந்தப் பெரிய அளவுல சாய்வெழுத்து உங்க மெஷின்ல இல்ல. நேரெழுத்து மட்டுந்தான் நான் செஞ்சு குடுத்தேன். இல்லாத எழுத்துக்கு அது எடத்த விட்டுட்டுப் போயிரும். நீங்களே செஞ்சுக்கலாம், சொல்றேன், எழுதிக்குங்க.”

ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு பிரிண்டருக்கும் எழுத்துகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். அவர் சொன்ன கட்டளையைக் கொடுத்தேன். கணினி ஒவ்வொரு எழுத்தாக வரைந்துகொண்டே வந்து, பாதி வழியில் ஹார்ட் டிஸ்க் வட்டில் இடம் இல்லை என்று நின்றுவிட்டது. இடம் வேண்டுமானால் எதையாவது அழிக்க வேண்டும். எனக்கு எதையும் அழிக்க வராது. வீட்டில் பழைய கேஸ் ரசீதுகூட வருடவாரியாகக் கட்டி இருக்கும். பள்ளியின் பழைய மதிப்பெண் கோப்புகளை எல்லாம் ஃப்ளாப்பியில் ஏற்றி, ஏறிவிட்டதா என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பிறகுதான் வட்டிலிருந்து எடுத்தேன். ஒரு காலை முழுதும் அதற்கே போனது. மறுநாள் பெயர்கள் வந்தன. கறுகறுவென்று, சாய்ந்து, அழகாக.

கேள்விக்குறிகள் போகவில்லை. கீயின் முதல் சில பக்கங்களில் எண்கள் இருந்தன. அதற்குப் பிறகு கடைசி வரை ?? மட்டுமே.

இந்த இடத்தில் மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த எஸ்டேட்டில் மதியத்துக்குப் பிறகு பறித்த பழம் வந்து சேரும். பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் ஓடத் தொடங்கியதும் எங்கள் விளக்கு சிவந்து போகும். கணினி தானாக அணைந்து எழும். தொடக்கத்திலேயே ஒரு மாலை, டெக் ஓடிக்கொண்டிருந்தபோது அப்படி அணைந்தது. பதறிப்போய், அடுத்த தடவை எழுந்ததும் இருந்த அத்தனை கோப்பையும் ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றிப் பத்திரப்படுத்தினேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் முதல் வேலையாக, இரவில் வட்டில் என்ன கெட்டிருந்தாலும் சரி என்று, அந்த ஃப்ளாப்பியில் இருப்பதை எல்லாம் வட்டுக்கு மாற்றுவேன். பிறகு ஒரு தடவை டெக்கை ஓட்டுவேன். பிறகு அச்சடிப்பேன். மதியத்துக்குப் பிறகு திருத்தம் மட்டும். திருத்திய அத்தியாயங்களை மாலையில் அதே ஃப்ளாப்பியில் மாற்றி வைப்பேன்.

ஒவ்வொரு காலையும் டெக் தொடங்கியவுடன் ஒரு பிழைச் செய்தி வரும். ஏதோ கோப்பு பாதியில் முடிந்துவிட்டது என்று பொருள். நான் அடைப்புக்குறி ஒன்றை மூடாமல் விட்டிருப்பேன் என்றே நினைத்தேன். முன்பு ஒரு தடவை அப்படி விட்டு, அந்த இடத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லா எழுத்தும் சாய்ந்து போயிருந்தது. எனவே பேராசிரியர் சொல்லியிருந்தபடி என்டர் தட்டி மேலே போய்விட்டு, மதியம் முழுதும் அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திறப்பதும் மூடுவதும் ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தன. கணக்கு சரியாக இருந்து விடை மட்டும் தப்பாக வந்தால் என்ன செய்வது? பலகைக்கு முன்னால் நின்ற முப்பது வருடத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை. அடுப்படியில் போய் நின்று அழுதேன். என் கணவருக்குக் கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டேன்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், பழைய கைப்பிரதியைப் பார்த்து, கேள்விக்குறிகளின் மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எண்களை எழுதி அவரிடம் கொடுத்தேன். வாசலில் நாற்காலியைப் போட்டு, கண்ணாடியைத் தாளோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தார். ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றுக்குப் போனார். அங்கிருந்து திரும்பி வந்தார். மறுபடி போனார்.

“இது பாசி மாதிரி மரத்துல தொங்கறது. இங்க எதுக்கு வந்தேன்? ஓடைல இருக்கறதத்தான தேடிட்டிருந்தேன்?”

“வரிசை மாறியிருக்குமுங்க. பழசப் பாத்து எழுதுனேன்.”

“பழசப் பாத்தா?” தாளைக் கீழே வைத்தார். “எனக்கு இருக்கறது இந்த வெளிச்சம் ஒண்ணுதான். அதுல பாதிய பழசுக்குக் குடுத்துட்டியே.”

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

அன்று மதியமே மறுபடி பூத்துக்குப் போனேன். பூத்துக்காரர் என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஏனுங் டீச்சரம்மா, கேள்விக்குறி போச்சுங்களா? காப்பி வேவாரி வரைக்கும் எங்கிட்ட வெசாரிக்கறாங்க.”

“போகலீங்க.”

“அப்ப உக்காந்தே பேசுங். இன்னைக்கு நேரமாகுமாட்ட இருக்குது.”

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார்.

“ரெண்டு தடவ ஓட்டறீங்களாக்கா? மொதத் தடவ எண்ணெல்லாம் சேகரிச்சு ஆக்ஸ்னு ஒரு ஃபைல்ல எழுதி வைக்கும். ரெண்டாந் தடவதான் அதப் பாத்து எண்ணப் போடும்.”

“ரெண்டு தடவையாச்சுங்களே. நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. தெனமும் ஓட்டறேன்.”

“நடுவுல ஏதாவது செய்வீங்களா?”

“ஒண்ணும் கெடயாதுங்க. காலைல எல்லா ஃபைலையும் ஃப்ளாப்பில இருந்து புதுசா மாத்திட்டுத்தான் தொடங்குவேன். ஒரு நாள் தவறுனதில்ல.”

“எல்லா ஃபைலுமா? ஆக்ஸும் சேத்தியா?”

“எல்லாமேதானுங்க.”

“அந்த ஃப்ளாப்பி எப்பப் பண்ணுனது?”

சொன்னேன். கரண்ட் போன மாலையில் என்று.

“அக்கா!” அவர் சிரித்துவிட்டார். “கரண்ட் போனப்ப பாதி எழுதுன ஆக்ஸுங்க அது. மெஷின் தெனமும் நல்லதா ஒண்ணு எழுதி வைக்குது. நீங்க தெனமும் காலைல வந்து அது மேல ஒடஞ்சதக் கொண்டாந்து வெக்கறீங்க. சீக்க இவ்வளவு பத்திரமா காப்பாத்துன ஆள நான் பாத்ததில்ல. அழிச்சுருங்க அத. ஃப்ளாப்பிலயும் சேத்து.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன நாள்களை நினைத்தேன். ஒவ்வொரு உச்சிவெயிலும் என் கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாள் வருமா என்று காத்திருந்தார்.

மறுநாள் காலை அந்தக் கோப்பை இரண்டு இடத்திலும் அழித்தேன். டெக்கை ஓட்டினேன், பிழைச் செய்தி இல்லை. உடனே மறுபடி ஓட்டினேன். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் துப்பியது. எல்லா இடத்திலும் எண்.

அன்றைக்கு மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நாங்கள் கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் வாழவந்தி ஊர்க்கார அம்மாளை ஓடைப்பக்கம் அனுப்பிப் பெரணிகளைப் பறித்து வரச் சொல்லியிருந்தார் என் கணவர். அவள் ஒரு சுமையை வாசலில் இறக்கினாள்.

“இத்தன தழையும் கீரையா இருந்தா ஒரு வாரத்துக்குக் கொழம்பு வெக்கலாமுங்க சாமி. எதுக்குன்னே தெரியாம முள்ளுல உழுந்து பொறுக்கிட்டு வந்தேன்.”

“பேரு வெக்கறதுக்குத்தான் ஆத்தா.”

“அதுக்குத்தான் ஒரு பேரு இருக்குதுங்களே, பெரணின்னு!”

அவர் சிரித்தார். பல நாள் கழித்து.

ஒரு கையில் பெரணி, மறு கையில் கண்ணாடி. முதல் கேள்வி, நான்காவது, ஒன்பதாவது என்று எண்ணிலிருந்து எண்ணுக்குப் போய்க்கொண்டே இருந்தார். பெயர் வந்ததும் தாளைத் தட்டுவார். நான் அடுத்ததை எடுத்துக் கொடுப்பேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டார். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை வெயிலில் காட்டி, முகத்தோடு ஒட்டிப் பார்த்தார். விளிம்பில் வித்துப்பைகள் தொடர்கோடாக இருந்தால் ஒரு பக்கம், தனிப்புள்ளிகளாக இருந்தால் இன்னொரு பக்கம் என்று எழுதியிருந்தார். ஒரே செடியின் இரண்டு இலைகள் அவர் கையில் இருந்தன.

“எளசுல புள்ளி, முத்துனா கோடு. காஞ்ச எலைய மட்டும் வெச்சு எழுதிப்போட்டேன், அம்மிணி. இத நம்பி வர்றவன் பாதிப்பேரு தப்பான எடத்துக்குப் போயிருப்பான். இதத்தான் பாக்கோணும்னு இருந்தேன்.”

அவர் சொல்லச் சொல்ல ஒரு புதுக் கேள்வியைச் சேர்த்தேன். உள்ளே ஓடி இரண்டு முறை ஓட்டி, அதற்குப் பின்னால் எண் மாறிய பக்கங்களை அச்சடித்துக் கொண்டுவந்தேன். அதற்குள் மேலே எஸ்டேட்டில் பல்ப்பர் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் முடிந்திருக்காது.

அவர் அந்தப் பக்கங்களைத் தொடங்கினார். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் கீழ்த் தோட்டத்து சவுக்கு மரங்கள் மறைந்தன, பிறகு வேலி. அவர் நாற்காலியை வாசலின் விளிம்புவரை நகர்த்தினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தாளைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். டார்ச் கொண்டுவரட்டுமா என்றேன். டார்ச் வெளிச்சத்தில் எழுத்து கரைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

“மீதிய நீ படி. நான் கேக்கறேன்.”

படித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் இலையை விரலால் தடவி ஆம், இல்லை என்று சொன்னார். நடுவில் ஒரு தடவை பனி விலகி வெளிச்சம் நன்றாகவே வந்தது. அவர் கண்ணாடியை எடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெயர் வந்தபோதெல்லாம் “சரி” என்றார். கடைசிப் பக்கத்துக்கும் “சரி” என்றார். அந்தக் குரலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் சரி என்று குறித்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் கட்டு அவிழ்த்தபோது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் வெளிச்சமாக அவருக்குத் தெரிந்தது. அதற்கு மேல் வரவில்லை.

புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. மாணவர்கள் சிலர் அதை எடுத்துக்கொண்டு மாரமங்கலம் பக்கம் ஓடைகளில் நடப்பதாகக் கடிதம் போடுகிறார்கள். அவர் கண்ணால் பார்த்த பக்கங்களைப் பற்றி எழுதினால் நான் நிம்மதியாகப் படிக்கிறேன். அதற்குப் பின்னால் உள்ள பக்கங்களில் பிழை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.